மேடைக்கு என் பேர் வேண்டாம்

தம்பி,

இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடாதே. போனில் நான் எதையாவது ஆரம்பித்தால் "சரிம்மா, விஷயத்துக்கு வா" என்பாய். அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். இந்த விஷயத்துக்கு வருவதற்கு எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. நீ ஒரு அரைமணி நேரம் பொறுத்துக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை உன்னைத் தவிர வேறு ஆட்களும் கேட்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலத்தான் எழுதியிருப்பேன். எரிச்சல்படாமல் படி.

போன திங்கட்கிழமை சாயங்காலம் ஏழுமலை மாமா வீட்டுக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடையும் வைத்துக்கொண்டு, நம் நாடக மன்றத்துக்கு இத்தனை வருஷமாக டைரக்டராகவும் இருக்கிற மனிதர். கழுத்தில் இன்ச் டேப்பைக்கூட எடுக்காமல் வந்திருந்தார். ரிஷிவந்தியம் போகிற ரோட்டில் மன்றத்துக்கென்று எழும்புகிற கட்டடத்துக்கு இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சுவர் எழுப்பி மேல்தளமும் போட்டாயிற்று. மேடை கட்டத்தான் வழியில்லாமல் நின்றது. நீ ஓசூரிலிருந்து அனுப்பிய பணத்தில் அதுவும் முடிந்துவிடும். பதிலுக்கு நீ கேட்டது ஒன்றே ஒன்று, மேடைக்கு அம்மா பேரை வைக்க வேண்டும் என்று. கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை மாமா ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு தபா படிச்சிப் பாத்துடு தங்கச்சி. கல்லுல வெட்டிட்டா அப்பறம் அழிக்க முடியாது. தப்புக் கண்டுபுடிக்கறதுல உன்ன உட்டா ஆளு இல்ல" என்றார்.

'திரைக்குப் பின்னால் நின்று முப்பது ஆண்டுகள் சொல் எடுத்துக் கொடுத்த அன்னையின் நினைவாக' என்று இருந்தது. அதற்குக் கீழே என் பேர்.

"நான் இன்னும் சாவலீங்கண்ணே" என்றேன்.

"அட, ஆமாம்மா! நெனவாகன்னு போட்டுட்டேன் பாரு" என்று சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை அடித்தார்.

"பேரையும் அடிச்சிடுங்க" என்றேன். நான் அடக்கத்துக்காகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அடக்கம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

நம் மன்றத்து ஆட்கள் எல்லாரும் வேலைவெட்டி உள்ளவர்கள். கண்டக்டர், கறிகாய்க் கடைக்காரர், கரும்பு வெட்டப் போகிறவர், பள்ளிக்கூட வாட்ச்மேன். உட்கார்ந்து மனப்பாடம் செய்ய ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை. பாதி வசனத்தை ஒத்திகையில் படிப்பார்கள், மீதிப் பாதிக்கு என்னை நம்புவார்கள். மேடைக்கு இடது பக்கப் படுதாவுக்குப் பின்னால், இருநூறு பக்க நோட்டில் வசனத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு நான் நிற்பேன். எவர் தடுமாறினாலும் அவர் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி சொல்லை எடுத்துக் கொடுப்பேன். கண்டக்டர் ராஜேந்திரனுக்குப் பாதி வரி சொன்னால் மீதி வரும். உன் அப்பாவுக்கு முழு வரியையும் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டு தரம். உனக்கு மட்டும்தான் முதல் சொல் போதும். அதைக் கையில் கொடுத்தால் மீதியை நீயே இழுத்துக்கொண்டு போய்விடுவாய்.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் என் பயத்தைச் சொல்ல முடியாது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அவர் சீசன் ஆள். அரவை நடக்கிற மாதங்களில்தான் ஊர்த் திருவிழாக்களும் வரும், நாடகமும் இருக்கும். இவர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அரிதாரம் பூசப் போய்விடுவார். கூடச் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நிரந்தரம் ஆனார்கள். இவர் கடைசிவரைக்கும் சீசன் ஆளாகவே இருந்து, நீ பதினொன்றாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்தார். அவரைப் புதைத்துவிட்டு வந்த நாலாம் நாள் நான் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு மூட்டப் போனேன். நாடகத்தை நான் வெறுத்ததில்லை. வீட்டில் இருந்த நாட்களைவிட மேடையில் நின்ற நாட்களில்தான் உன் அப்பா நல்ல மனிதராக இருந்தார். எனக்கு ஆத்திரமே அதுதான்.

அப்புறம் நீ வந்தாய். காலேஜ் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஏழுமலை மாமா புதிதாக ஒரு நாடகம் எழுதியிருந்தார். மலையில் பிரசவ வலி கண்ட மனைவியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறான் ஒருவன். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் கேட்டைத் திறக்காமல் காவல்காரன் பேப்பர் கேட்கிறான். நீதான் அந்தப் புருஷன். ராஜேந்திரன் காவல்காரன். ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே கட்டினால் அதுதான் கேட்டு.

வெள்ளிமலையில் சந்தை நாளில் அதைப் போட்டோம். ராஜேந்திரன் பேப்பர் கேட்டதுதான் தாமதம், முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் எழுந்து மேடைக்கே ஏறி வந்துவிட்டார். "இன்னாடா, பொம்பள உசுருக்குப் போராடிக்கினு கெடக்கறா, உனுக்குக் காயிதம் கேக்குதா?" என்று கத்திக்கொண்டே மூங்கிலைத் தூக்கிவிட்டார். ராஜேந்திரன் பயந்துபோய் என் பக்கம் ஓடிவந்து நின்றுகொண்டான். நான் நோட்டைப் புரட்டுகிறேன். இதற்கு எந்தப் பக்கத்தில் வசனம் இருக்கும்? நீ மெதுவாக நடந்து போய் அந்த ஆள் தோளில் கை வைத்தாய்.

"அண்ணே, நீ தொறந்தா நான் மட்டும்தான் போவேன். அவரு தொறந்தாதான் நாளைக்கி வர்றவங்களும் போவாங்க. குந்துண்ணே" என்றாய்.

அந்த ஆள் மூங்கிலைப் பழையபடி குறுக்கே வைத்துவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்தார். நாடகம் முடிந்ததும் கட்டடத்துக்கென்று ஆளாளுக்குச் சாமையும் பலாப்பழமும் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றினார்கள். அன்றைக்கு நான் பெருமைப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. பெருமையும் இருந்தது. ஆனால் ஜீப் வளைவு வளைவாக இறங்க இறங்க, இவன் அப்பாவைவிடப் பெரிய ஆளாக வருவான், அப்பாவைவிட மோசமாகக் கெடுவான் என்ற பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மன்றத்துக்கு அப்போதும் சொந்த இடம் கிடையாது. நெல் கோடவுன், பள்ளிக்கூட வராண்டா என்று துரத்தத் துரத்த இடம் மாறிக்கொண்டிருந்தோம். கட்டடம் கட்டப் பத்து ரூபாய்க்குச் செங்கல் சீட்டு அடித்தோம். ஒரு சீட்டு எடுத்தால் ஒரு செங்கல் உங்கள் பேரில் சுவரில் இருக்கும் என்று சொல்லி ஊர் முழுக்க விற்றோம். ஒரு ரைஸ்மில் முதலாளி, மேலே தளம் முழுக்க என் பொறுப்பு, முதலில் உங்கள் நாடகத்தைப் பார்க்கிறேன் என்றார். அதற்காகத்தான் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே நாடகத்தைப் போட ஏற்பாடு செய்தோம். வெள்ளிமலைச் சேதி காதில் விழுந்து, புதுச்சேரியில் நடிப்புச் சொல்லிக் கொடுக்கிற ஒரு வாத்தியாரும் உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த வாரம்தான் ஓசூர்க் கம்பெனியிலிருந்து உனக்கு வேலை ஆர்டர் வந்தது. நான் அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி தின்றுகொண்டே நீ சொன்னாய்: "அம்மா, அந்த வாத்தியாரு சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னு வையி, இந்த ஆர்டர கிழிச்சிப் போட்டுட்டு பாண்டிச்சேரிக்குப் போயிடுவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்கு இட்லிச் சட்டியை உன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. சட்னியை ஊற்றினேன்.

கேட்டுக் காட்சிக்கு ஏழுமலை மாமா இரண்டு நாள் முன்னால்தான் புதிதாக ஒரு நீளமான வசனம் எழுதிக் கொடுத்திருந்தார். மலையிலிருந்து இறங்கி வந்த வழி முழுவதையும் அந்தப் புருஷன் சொல்வான். "மூணாவது வளைவுல அவ கண்ண மூடிட்டா சார்" என்று ஆரம்பம். நீயும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நீ பேசாமல் நிற்பாய். டோலி இடது பக்கம் இருக்கும். அதைப் பார்ப்பதுபோல என் பக்கம் திரும்புவாய். அப்போது நான் 'மூணாவது' என்று மட்டும் சொல்ல வேண்டும். "அது ஒன்ன மட்டும் குடும்மா, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாய். ஒத்திகையில் நாலு தரம் செய்து பார்த்தோம். நாலு தரமும் சரியாக வந்தது.

மண்டபத்தில் கூட்டம் நிரம்பியிருந்தது. கேட்டுக் காட்சி வந்தது. நீ பேசாமல் நின்றாய், திரும்பினாய், என்னைப் பார்த்தாய். நான் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன், பக்கம் மாறிவிட்டது, லைட் சரியில்லை என்றெல்லாம் பிற்பாடு ஏழுமலை மாமாவிடம் சொன்னதெல்லாம் பொய். நோட்டில் சரியான பக்கம்தான் இருந்தது. என் விரல் அந்த வரியில்தான் இருந்தது. சொல் என் நாக்கில் இருந்தது. அதை நான் விழுங்கினேன். முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்யவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. காலையில் சட்னி ஊற்றியபோதே மனசில் ஏதோ ஒரு மூலையில் முடிவாகியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். முதலில் சனம் அதை நடிப்பென்று நினைத்து அமைதியாக இருந்தது. நீ இரண்டாம் தரம் என்னைப் பார்த்தபோது நடிகனாகப் பார்க்கவில்லை, என் பிள்ளையாகப் பார்த்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் குனிந்து நோட்டைப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருத்தன் "டேய், மறந்துட்டான்டா!" என்றான். விசில் கிளம்பியது. ஏழுமலை மாமா படுதாவை இறக்கச் சொன்னார்.

வெள்ளிமலையில் வசனமே இல்லாத இடத்தில் பேசினவனுக்கு இங்கே ஏன் வாய் வரவில்லை என்று நீ எத்தனையோ தரம் உன்னையே கேட்டிருப்பாய். அங்கே நீ யாரையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. இங்கே என்னை நம்பி நின்றாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

படுதா இறங்குவதற்குள் புதுச்சேரி வாத்தியார் எழுந்து போய்விட்டார். ரைஸ்மில் முதலாளி, "ஒரு நாடகத்த ஒழுங்கா போடத் தெரியல, இவுங்களுக்குக் கட்டடம் ஒரு கேடா?" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டு வண்டியேறினார். ஏழுமலை மாமா அத்தனை பேர் முன்னாலும் உன்னைப் பிடித்துக் கத்தினார்: "மன்றத்துக்கே குழி தோண்டிட்டியேடா!" அம்மா சொல்லைக் கொடுக்கவில்லை என்று அந்த நேரத்தில்கூட உன் வாயில் வரவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தை அழித்துக்கொண்டிருந்தாய். அப்போது உன் பக்கத்தில் வந்து நான் சொன்னதுதான், மேடையில் செய்ததைவிடப் பெரிய பாவம். "விடுடா கண்ணு. ஜனம் முன்னால நின்னா நமக்கெல்லாம் வராது. நம்ம வூட்டு ரத்தம் அப்படி" என்றேன். நீ தலையாட்டினாய். அடுத்த வாரம் ஓசூருக்குப் பஸ் ஏறினாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் ஆசைப்பட்டபடியே நடந்தது. நிரந்தர வேலை, வீடு, நல்ல மருமகள், குழந்தை. ஒவ்வொரு தரம் ஓசூருக்கு வந்து உன் வீட்டுச் சோபாவில் உட்காரும்போதும், நான் செய்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இங்கே ஊருக்குத் திரும்பினால், சுவர் எழும்புகிற வரைக்கும் டீக்கடை மணி பிடித்துக்கொள்வான். "யக்கா, என் நாலு செங்கல் இன்னாச்சி? வூட்டுல ஒரு செவுரு வுழுந்துடுச்சி, திருப்பிக் குடுத்தீங்கன்னா வச்சிக் கட்டிக்குவேன்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் செங்கலெல்லாம் யாரால் இத்தனை வருஷம் சுவரில் ஏறாமல் கிடந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகும் நோட்டைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். ஒரு சொல்லைக்கூடத் தவறவிட்டதில்லை. அப்படிச் செய்தால் கழிந்துவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

உனக்கு ஒருவேளை தெரிந்திருக்கும், தெரிந்தே என்னை மன்னித்துவிட்டாய், அதனால்தான் ஒன்றும் கேட்கவில்லை என்று ஒரு சமாதானத்தையும் வைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ போன் செய்ததும் அதுவும் போயிற்று. குழந்தையின் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் அவளுக்கு ஒரு நாடகத்தில் வேஷம் கொடுத்திருக்கிறார்கள் என்று மருமகள் சந்தோஷமாகச் சொன்னாள். நீ போனை வாங்கி, "நான் மிஸ்ஸு கிட்ட வேணாம்னு சொல்லப் போறம்மா. ஜனம் முன்னால நின்னா நம்ம வூட்டு ஆளுங்களுக்கு எல்லாம் மறந்துடும், ரத்தத்துலயே இருக்குது. அது அவமானப்பட்டு நிக்கறத என்னால பாக்க முடியாது" என்றாய். நான் உன் காதில் போட்டதையே நீ எனக்குத் திருப்பிச் சொன்னாய். அந்தப் பக்கம் பேத்தி "ஆயா, எனுக்கு எல்லாம் தெரியும் ஆயா" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் தையல் கடைக்குப் போய் ஏழுமலை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் அழுதேன், அவர் சமாதானம் சொல்லவில்லை. "அந்தப் புள்ளைய நான் அத்தினி பேரு முன்னால கேவலமா பேசினேனே தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். மெஷினில் கிடந்த துணியை எடுத்து மடித்துவிட்டு, "என் கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல. அவன் கிட்ட சொல்லு. அப்பறம் மன்றத்துல சொல்லு. சீட்டு வாங்கின சனம் அத்தினியும் கேக்கட்டும்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கண்டிப்பாகப் பேசியதே இல்லை. சரிங்கண்ணே என்றேன்.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுக் கட்டடத்தில் மேடைக்கென்று மண் கொட்டி வைத்திருக்கிற இடத்தில் நின்று, இந்தக் கடிதத்தின் இன்னொரு படியை எல்லார் முன்னாலும் படிக்கப் போகிறேன். செங்கல் சீட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியாயிற்று. முப்பது வருஷம் ஓரத்தில் நின்று முணுமுணுத்தே பழகினவளுக்குச் சத்தமாகப் பேச வருமா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் படித்துத்தான் ஆக வேண்டும். நீ வந்தால் உன்னைப் பார்த்துப் படிப்பேன். வர மனசில்லை என்றால் வராதே, கோபம் தீர எத்தனை நாள் ஆகிறதோ ஆகட்டும். என்னோடு பேச மாட்டேன் என்றாலும் அது நியாயம்தான். எனக்கு வலிக்கும், வலிக்கட்டும். மேடைக்கு நீ கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்காதே, மன்றம் உனக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. கல்லில் மட்டும் என் பேர் வேண்டாம்.

பெற்றவள் என்கிற உரிமையில் புத்தி சொல்ல எனக்கு இனி வாய் கிடையாது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். பயத்தில் செய்கிற காரியத்துக்குப் பாசம் என்று பேர் வைக்காதே. நான் வைத்தேன். அந்தப் பேரில் உன்னிடமிருந்து எதைப் பிடுங்கினேன் என்று, நான் உனக்குச் சொன்னதையே நீ உன் பிள்ளைக்குச் சொன்னபோதுதான் எனக்கே உறைத்தது. உன் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. உனக்கு அன்றைக்கு மறக்கவில்லை. நீ நடிக்கத் தெரிந்தவன். இதை அன்றைக்கே எண்ணெய்க் கையோடு நின்ற உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மிஸ்ஸிடம் வேண்டாம் என்று சொல்லாதே. ஆண்டுவிழா அன்றைக்குக் கம்பெனியில் லீவு போடு. குழந்தையின் வசனத்தை நீ ஒரு தரம் படித்து வைத்துக்கொள், முன் வரிசையில் போய் உட்கார். அவள் உன் பக்கம் திரும்பிப் பார்த்தால், சொல்லிவிடு.

அம்மா